சட்டியில் உள்ளது அகப்பையில் வரட்டும்!

(சி.ஏ. தேர்வு எழுதும் நம் பிள்ளைகளுக்கும் அவர்தம் பெற்றோருக்கும்)

அல்சூர், சிவாஜி நகர், ஸ்ரீராமபுரம் என்று பெங்களூரில் நம்மவர் மிகுதியாக வாழும் பகுதிகளில், சி.ஏ. படிக்கும் மகனோ மகளோ உள்ள வீடுகளை இன்று எளிதாகக் காணலாம். தேர்வு முடிவு வெளியாகும் நாளில் அவ்வீடுகளில் அடிக்கடி கேட்கும் சொல் ஒன்று உண்டு. "எல்லாம் தெரிந்துதான் எழுதினேன். மார்க்குதான் வரவில்லை."

ஒரு தாளில் 38, இன்னொன்றில் 39 என்று நின்றுவிட்ட மதிப்பெண்ணைப் பார்த்துப் பெற்றோர் இரண்டில் ஒரு முடிவுக்கு வருவார்கள். பிள்ளை ஒழுங்காகப் படிக்கவில்லை என்பது ஒன்று. திருத்தியவர் சரியாகத் திருத்தவில்லை என்பது மற்றொன்று. இவை இரண்டும் அல்லாத மூன்றாவது காரணம் ஒன்று இருக்கிறது. அதைத்தான் நம் வீடுகளில் யாரும் பேசுவதில்லை. சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும் என்பது பழமொழி. சட்டி நிறைய இருந்தும் அகப்பையில் வராமல் போவதும் உண்டு. தெரிந்த விடையைத் திருத்துபவர் கண்ணுக்குத் தெரியும்படி எழுதுவது தனியாகப் பழக வேண்டிய ஒரு வேலை. அதைப் பற்றியே இக்கட்டுரை.

மதிப்பெண் கணக்கு

முதலில் பெற்றோர் அறிய வேண்டியது ஒன்று. 1949-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த இந்தியப் பட்டயக் கணக்காளர் நிறுவனம் நடத்தும் இத்தேர்வில், ஒவ்வொரு தாளிலும் 40 மதிப்பெண் எடுத்தால் மட்டும் தேற முடியாது. மொத்தத்தில் 50 விழுக்காடும் வேண்டும். இன்டர்மீடியட் தேர்வில் ஒரு குரூப்புக்கு மூன்று தாள்கள். 300-க்கு 150 எடுக்க வேண்டும். மூன்று தாளிலும் 45 எடுத்தவருக்கு மொத்தம் 135தான், தேறவில்லை. 62, 58, 38 எடுத்தவருக்கு மொத்தம் 158. ஆனால் ஒரு தாளில் 40-க்கு இரண்டு குறைந்ததால் அவரும் தேறவில்லை. 62 எடுத்த தாளுக்கு மட்டும் விதிப்படி விலக்குக் கிடைக்கும்.

இப்படிப்பட்ட தேர்வில் இரண்டு மதிப்பெண் என்பது சில மாத வாழ்க்கை. அந்த இரண்டு மதிப்பெண்ணுக்காக இன்னொரு பாடப் புத்தகத்தைப் புரட்ட வேண்டியதில்லை. ஏற்கெனவே தெரிந்ததை ஒழுங்காக எழுதினாலே பலருக்கு அது கிடைத்துவிடும்.

2023 ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்த புதிய கல்வித் திட்டத்தில், இன்டர்மீடியட், ஃபைனல் தாள்கள் பெரும்பாலானவற்றில் 30 மதிப்பெண் சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் வினாக்களுக்கு. மீதி 70 மதிப்பெண் விரிவாக எழுதும் விடைகளுக்கு. ஃபவுண்டேஷன் தேர்வில் கணக்கியல், வணிகச் சட்டம் ஆகிய இரண்டு தாள்களும் முழுவதும் எழுத்துத் தாள்கள்தாம். ஆகவே எழுதும் கலை எந்தப் படியிலும் விட்டுப்போகவில்லை.

திருத்துபவர் யார்?

விடைத்தாளைத் திருத்துபவருக்கு உங்கள் மகனைத் தெரியாது. பள்ளியில் முதல் மாணவன் என்பதும், ஆர்ட்டிகிள்ஷிப் அலுவலகத்தில் கெட்டிக்காரன் என்பதும் அவருக்குத் தெரியாது. எழுதியது மட்டுமே அவர் முன் இருக்கிறது. இப்போது விடைத்தாள்களை ஸ்கேன் செய்து கணினித் திரையில் பார்த்துத் திருத்தும் முறையும் வந்துவிட்டது. மங்கிய மை, ஓரத்தில் நெருக்கி எழுதிய எழுத்து, அம்புக்குறி போட்டு அடுத்த பக்கத்துக்கு இழுத்த கணக்கு ஆகியவை திரையில் இன்னும் மோசமாகத் தெரியும்.

அழகான கையெழுத்து வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. படிக்க முடிகிற கையெழுத்துப் போதும். ஒவ்வொரு வினாவின் விடையையும் புதிய பக்கத்தில் தொடங்குங்கள். வினா எண்ணையும் உட்பிரிவையும் தெளிவாகப் போடுங்கள். ஒரே வினாவின் உட்பிரிவுகளை அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறவிடாமல் அடுத்தடுத்து எழுதுங்கள். தவறாக எழுதியதை ஒரே கோட்டால் அடித்துவிட்டு மேலே செல்லுங்கள். கிறுக்கிக் கறுப்பாக்க வேண்டாம்.

இன்னொன்று. நம் பிள்ளைகள் எதை எழுதினாலும் தலையில் பிள்ளையார் சுழி போட்டே தொடங்குவார்கள். விடைத்தாளில் அடையாளக் குறி எதுவும் இருக்கக்கூடாது என்பது தேர்வு விதி. ஆகவே பிள்ளையார் சுழியை மனத்திலேயே போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். பிள்ளையார் கோபித்துக்கொள்ள மாட்டார்.

கணக்குத் தாள்: வழியைக் காட்டுங்கள்

கணக்குத் தாள்களின் வினாத்தாளில் வழக்கமாக ஒரு வரி அச்சாகியிருக்கும். 'வொர்க்கிங் நோட்ஸ்' எனப்படும் கணக்கீட்டுக் குறிப்புகள் விடையின் பகுதியாக இருக்க வேண்டும் என்பதே அது. பலர் அதைப் படிக்காமலே தாண்டிவிடுகிறார்கள். அந்த வரியில் எவ்வளவு இருக்கிறது என்பதை ஒரு சிறு கணக்கால் பார்ப்போம்.

ஓர் இயந்திரத்தின் விலை ரூ. 5,00,000. கொண்டுவந்த வண்டிக் கூலி ரூ. 20,000. நிறுவிய செலவு ரூ. 30,000. பத்தாண்டு உழைக்கும், முடிவில் ரூ. 50,000-க்கு விலைபோகும். நேர்கோட்டு முறையில் ஆண்டுத் தேய்மானம் என்ன? மொத்த அடக்கம் ரூ. 5,50,000. அதிலிருந்து 50,000 கழித்துப் பத்தால் வகுத்தால் ரூ. 50,000.

பதற்றத்தில் ஒரு மாணவர் கூட்டலில் தவறி அடக்கத்தை 5,40,000 என்று எடுத்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு வரும் தேய்மானம் ரூ. 49,000. லாப நட்டக் கணக்கில் 49,000 என்ற எண்ணை மட்டும் எழுதிவிட்டுப் போனால், அது எங்கிருந்து வந்தது என்று திருத்துபவருக்கு எப்படித் தெரியும்? கூலியையும் நிறுவும் செலவையும் அடக்கத்தில் சேர்க்க வேண்டும் என்பதே இவருக்குத் தெரியாது என்று அவர் எண்ணலாம். அதே மாணவர் 'குறிப்பு 1' என்று தலைப்பிட்டு, விலை, கூலி, நிறுவிய செலவு, கழிவு மதிப்பு, ஆண்டுகள் என்று வரிவரியாக எழுதியிருந்தால், முறை முழுதும் சரி, பிழை ஒரு கூட்டலில்தான் என்பது ஒரே பார்வையில் தெரிந்துவிடும். படிப்படியாக மதிப்பெண் இடும் தேர்வில் அந்தப் படிகள் கண்ணுக்குத் தெரிய வேண்டாமா?

ஆகவே கணக்குத் தாளில் சில பழக்கங்கள் வேண்டும். ஒவ்வொரு குறிப்புக்கும் எண் கொடுங்கள். முதன்மை விடையில் அந்த எண்ணைப் பக்கத்தில் குறியுங்கள். ரூபாயா, ஆயிரமா, லட்சமா என்று பத்தியின் தலையில் எழுதுங்கள். வினாவில் சொல்லப்படாத ஒன்றை நீங்களாக வைத்துக்கொண்டு கணக்கிட்டால், 'இவ்வாறு கொள்ளப்பட்டது' என்று ஒரு வரி எழுதுங்கள். இறுதி விடையை அடிக்கோடிடுங்கள். ஐந்தொகையின் இரு பக்கமும் சமமாக வராவிட்டால் அதையே நினைத்து அரை மணி நேரம் உட்கார வேண்டாம். செய்த வேலைக்கு மதிப்பெண் உண்டு. அடுத்த வினாவுக்குப் போங்கள்.

சட்டத் தாள்: மூன்று படிகள்

சட்டத் தாளில் நம் பிள்ளைகள் இரு விதமாகத் தவறுகிறார்கள். சிலர் முடிவை மட்டும் எழுதுகிறார்கள். சிலர் தெரிந்த சட்டத்தை எல்லாம் மூன்று பக்கம் எழுதிவிட்டு, கேட்ட கேள்விக்கு விடை சொல்ல மறந்துவிடுகிறார்கள்.

ஓர் எடுத்துக்காட்டு. 17 வயதுப் பையன் ஒருவன் நண்பர்களுக்கு விருந்து வைக்க ஒருவரிடம் ரூ. 50,000 கடன் வாங்கி எழுதிக் கொடுக்கிறான். 18 வயது நிறைந்த பின், அதே கடனுக்குப் புதிதாக ஒரு பிராமிசரி நோட்டு எழுதித் தருகிறான். பிறகு கொடுக்க மறுக்கிறான். கடன் கொடுத்தவர் அந்த நோட்டைக் கொண்டு பணத்தை வாங்க முடியுமா?

"முடியாது, அவன் மைனர்" என்று எழுதினால் முடிவு சரிதான். ஆனால் அது நடுத்தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்லக்கூடிய விடை. சட்டம் படித்தவர் என்று காட்ட மூன்று படிகள் வேண்டும்.

முதற்படி, சட்டம். 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டம் 11-ஆம் பிரிவின்படி, வயது வந்தவரே ஒப்பந்தம் செய்யத் தகுதியுள்ளவர். மைனர் செய்த ஒப்பந்தம் தொடக்கத்திலிருந்தே செல்லாது என்று மோஹரி பீபி எதிர் தர்மதாஸ் கோஷ் வழக்கில் 1903-இல் பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்தது. தொடக்கத்திலேயே செல்லாத ஒன்றைப் பின்னால் வயது வந்ததும் உறுதிப்படுத்திச் செல்லுபடியாக்க முடியாது.

இரண்டாம் படி, நிகழ்ச்சிக்குப் பொருத்துதல். இங்கே கடன் வாங்கியபோது பையனுக்கு வயது 17. பணம் வாழ்க்கைத் தேவைக்காக வாங்கியதும் அன்று. 18 வயதுக்குப் பின் எழுதிய நோட்டுக்குப் புதிதாக எந்தப் பணமும் கைமாறவில்லை. பழைய செல்லாத கடனே அதன் அடிப்படை.

மூன்றாம் படி, முடிவு. ஆகவே கடன் கொடுத்தவர் அந்த நோட்டின் பேரில் பணத்தை வசூலிக்க முடியாது.

மூன்று சிறு பத்திகள், பன்னிரண்டு பதின்மூன்று வரிகள், அவ்வளவுதான். பிரிவு எண் உறுதியாக நினைவிருந்தால் எழுதுங்கள். ஐயமாக இருந்தால் சட்டத்தின் பெயரைச் சொல்லி, விதியைச் சொற்களில் எழுதுங்கள். தவறான எண்ணை எழுதுவதைவிட எண் இல்லாமல் இருப்பது மேல்.

கேள்வியின் கடைசிச் சொல்லையும் கவனிக்க வேண்டும். வேறுபடுத்துக என்றால் இரு பத்தியாகக் கட்டம் போட்டு, எந்த அடிப்படையில் வேறுபாடு என்று காட்ட வேண்டும். ஆராய்க என்றால் இரு பக்கமும் பார்த்து முடிவு சொல்ல வேண்டும். ஆலோசனை கூறுக என்றால், அவர் என்ன செய்ய வேண்டும் என்று கடைசி வரியில் தெளிவாக இருக்க வேண்டும்.

ஆங்கிலம் என்னும் அச்சம்

இத்தேர்வை ஆங்கிலத்திலோ இந்தியிலோதான் எழுத முடியும். தருமபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலைப் பக்கம் தமிழ் வழியில் பிளஸ் டூ முடித்துவிட்டு இங்கே உறவினர் வீட்டில் தங்கிப் படிக்கும் பிள்ளைகளுக்கு இது பெரிய மலையாகத் தெரிகிறது. இங்கேயே பிறந்து, வீட்டில் தமிழும் தெருவில் கன்னடமும் பள்ளியில் ஆங்கிலமுமாக வளர்ந்த பிள்ளைகளுக்கும் எழுத்து ஆங்கிலத்தில் தயக்கம் இருக்கலாம்.

அச்சம் வேண்டாம். இது இலக்கியத் தேர்வு அன்று. ஒரு வாக்கியத்தில் ஒரு செய்தி போதும். நீண்ட வாக்கியத்தில்தான் எழுவாய் ஒரு பக்கமும் பயனிலை ஒரு பக்கமும் போய்ப் பொருள் தொலையும். ஆனால் துறைச் சொற்களை மட்டும் மாற்றக்கூடாது. சட்டத்திலும் கணக்கியல் தரநிலையிலும் உள்ள சொல்லை அப்படியே எழுத வேண்டும். சரக்கிருப்பை அடக்க விலை, விற்றால் நிகரமாகக் கிடைக்கும் தொகை ஆகிய இரண்டில் எது குறைவோ அதில் மதிப்பிட வேண்டும் என்பது கணக்கியல் தரநிலை 2 கூறும் விதி. அந்த நிகரத் தொகைக்குத் தரநிலை வைத்திருக்கும் ஆங்கிலப் பெயருக்குப் பதிலாக 'சந்தை விலை' என்று எழுதினால் பொருளே மாறிவிடும். அத்தகைய சொற்களை ஒரு சிறு நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு நாளுக்குப் பத்தாக எழுதிப் பார்த்தால், சில மாதங்களில் கை தானாக ஓடும்.

தாய்மொழியை இதற்கு ஏணியாகவும் பயன்படுத்தலாம். ஒரு சட்ட வினாவின் விடையை முதலில் தமிழில் அம்மாவிடம் சொல்லிப் பாருங்கள். "அப்படியானால் கடன் கொடுத்தவன் கதி அதோகதிதானா?" என்று அம்மா கேட்டால் விடை போய்ச் சேர்ந்துவிட்டது என்று பொருள். பிறகு அதே வரிசையில் ஆங்கிலத்தில் எழுதுங்கள். எண்ணம் தெளிந்தால் மொழி பின்னால் வரும்.

மூன்று மணி நேரம்

பெரும்பாலான தாள்களுக்குத் தேர்வு நேரம் மூன்று மணி. அதற்கு முன் வினாத்தாளைப் படிக்க 15 நிமிடம் தருகிறார்கள். அந்த 15 நிமிடம் பதறுவதற்கு அன்று. எந்த வினாக்களை எழுதுவது, எதை முதலில் எழுதுவது என்று முடிவு செய்வதற்கு. தேர்ந்தெடுக்கும் வினாக்களுக்கு 45 நிமிடம், விரிவான விடைகளுக்கு 125 நிமிடம், சரிபார்க்க 10 நிமிடம் என்று பிரித்துக்கொள்ளலாம். 14 மதிப்பெண் வினா ஐந்து என்றால் ஒவ்வொன்றுக்கும் 25 நிமிடம். 5 மதிப்பெண் உட்பிரிவுக்கு ஏறத்தாழ 9 நிமிடம். கடிகாரம் 9 நிமிடத்தைத் தாண்டினால் இடம் விட்டுவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டும். ஒரு வினாவைத் தங்க முலாம் பூசி எழுதிவிட்டு இன்னொன்றைத் தொடாமல் வருவது கட்டுப்படியாகாத வியாபாரம்.

விருப்ப வினாக்களில் ஒரு விதியை மறக்கக்கூடாது. கேட்ட எண்ணிக்கைக்கு மேல் எழுதினால், முதலில் எழுதியவை மட்டுமே திருத்தப்படும். மேற்கொண்டு எழுதியவை விடப்படும். எனவே அரைகுறையாகத் தொடங்கிய வினாவுக்குப் பதில் வேறொன்றை எழுதினால், பழையதைத் தெளிவாக அடித்துவிட வேண்டும். தேர்ந்தெடுக்கும் வினாக்களின் விடையை ஓ.எம்.ஆர். தாளில் மட்டுமே குறிக்க வேண்டும்.

பழைய விடைத்தாளே ஆசிரியர்

தேர்வு எழுதியவர் தம் திருத்தப்பட்ட விடைத்தாளைப் பார்க்க உரிமை உடையவர் என்று 2011 ஆகஸ்டு 9 அன்று உச்ச நீதிமன்றம் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ்த் தீர்ப்பளித்தது. பட்டயக் கணக்காளர் நிறுவனமும் விண்ணப்பித்துக் கட்டணம் கட்டுவோருக்கு விடைத்தாளின் சான்றிட்ட நகலைத் தருகிறது. முடிவு வெளியான பின் குறிப்பிட்ட நாளுக்குள் கேட்க வேண்டும். மதிப்பெண் குறைந்தவர்கள் இதை வாங்கிப் பார்ப்பது நல்லது. சண்டை போடுவதற்காக அன்று. தம் எழுத்தை வேற்றாள் கண்ணால் பார்ப்பதற்காக. நிறுவனம் வெளியிடும் மாதிரி விடைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எந்தப் படி விட்டுப்போயிற்று என்று பார்த்தால், அடுத்த தேர்வுக்கு இதைவிடச் சிறந்த டியூஷன் இல்லை.

தேர்வுக்கு முன் நிறுவனம் மாதிரித் தேர்வுகளும் நடத்துகிறது. வசந்த நகரில் உள்ள அதன் பெங்களூர்க் கிளையில் விசாரித்து அறியலாம். வீட்டில் புத்தகத்தை மூடிவிட்டு முழுத் தாளை மூன்று மணி நேரம் எழுதிப் பார்ப்பதும் அவசியம். 'மனத்துக்குள் போட்டுப் பார்த்தேன்' என்பது கணக்கில் சேராது.

பெற்றோர் செய்யக்கூடியது

"எனக்கு அந்தக் கணக்கெல்லாம் தெரியாதே" என்று தாய்மார் ஒதுங்க வேண்டாம். மாதிரித் தேர்வு எழுதியதும் அந்தத் தாளை வாங்கிப் பாருங்கள். வினா எண் தெரிகிறதா? ஒவ்வொரு விடையும் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று தெரிகிறதா? கடைசி விடைக்குக் கீழே கோடு இருக்கிறதா? கடைசிப் பக்கத்தில் எழுத்து கோழி கிளறியதுபோல் ஆகிவிட்டதா? இதற்கு அக்கவுண்டன்சி தெரிய வேண்டியதில்லை. ஒன்றும் தெரியாதவருக்கே விளங்கும் ஒழுங்கு, தெரிந்தவருக்கு எளிதாக விளங்கும்.

மற்றொன்று, 38 வாங்கிய பிள்ளையை 'மக்கு' என்று சொல்லாதீர்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடாதீர்கள். குறை அறிவில் இல்லாமல் எழுத்தில் இருக்கலாம். அது பழகினால் தீரக்கூடியது. அதைக் கண்டுபிடிக்கும் முன்பே மனம் உடைந்து படிப்பை விட்டுவிடும் பிள்ளைக்குத்தான் இழப்பு பெரிது.

தேர்வோடு முடிவதன்று

வெளிநாட்டிலும் இதே எண்ணம்தான். இங்கிலாந்தைத் தலைமையிடமாகக் கொண்ட ஏ.சி.சி.ஏ. அமைப்பின் உயர்நிலைத் தாள்கள் சிலவற்றில், 100-க்கு 20 மதிப்பெண்ணைத் தொழில் திறனுக்கென்றே ஒதுக்கியிருக்கிறார்கள். கருத்தைத் தெளிவாக எடுத்துச் சொல்லும் திறனும் அதில் அடங்கும்.

தணிக்கைத் தொழிலின் உயிரும் இதில்தான் இருக்கிறது. தணிக்கை ஆவணங்களைப் பற்றிய எஸ்.ஏ. 230 என்னும் தரநிலையின் சாரம் என்ன? அந்தத் தணிக்கையோடு முன்தொடர்பே இல்லாத, அனுபவமுள்ள வேறொரு தணிக்கையாளர் எடுத்துப் பார்த்தாலும், என்ன செய்தோம், என்ன சான்று கிடைத்தது, எப்படி இம்முடிவுக்கு வந்தோம் என்பது அவருக்கு விளங்க வேண்டும் என்பதே. விடைத்தாளில் முன்பின் அறியாத ஒருவருக்கு விளங்க எழுதப் பழகியவர், நாளை வங்கிக்கும் வரி அலுவலகத்துக்கும் நீதிமன்றத்துக்கும் விளங்க எழுதுவார். தேர்வுக்குச் செய்யும் ஒப்பனை என்று இதை ஒதுக்கிவிட முடியாது. தொழிலின் முதல் பாடமே இதுதான்.

நம் பெண் பிள்ளைகளுக்கு ஒரு பெயரை நினைவூட்டி முடிக்கலாம். பெண்கள் கணக்காளராவதை எண்ணிப் பார்க்காத காலத்தில், 1933-இல் ஜி.டி.ஏ. தேர்வில் தேறி இந்தியாவின் முதல் பெண் கணக்காளரானவர் சென்னையைச் சேர்ந்த ஆர். சிவபோகம் அம்மையார். பின்னர் 1955 முதல் 1958 வரை நிறுவனத்தின் தென்மண்டலக் குழுவுக்குத் தலைமை தாங்கியவரும் அவரே. அவர் நடந்த பாதை இன்று அகலமாகத் திறந்திருக்கிறது.

அடுத்த தேர்வுக்கு அமரும் நம் பிள்ளைகள் அனைவருக்கும் அகப்பை நிறைய வரட்டும்! வாழ்த்துகள்!